சங்கப்பலகையும் மூங்கைப் பிள்ளையும்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் சங்கப்பலகை தந்த படலம் என்று ஒன்று உண்டு. மதுரைச் சங்கத்துப் புலவர்களுக்குப் புலமையை அளந்து காட்ட ஒரு கருவி தேவைப்படுகிறது. சொக்கநாதர் பலகை ஒன்றைத் தருகிறார். அளவில் ஒரு முழம்தான்; ஆனால் தகுதியுள்ள புலவர் ஒருவர் வந்தால் அவருக்காக இன்னொரு முழம் வளரும்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் புலமையின் பெருமைக்குச் சான்றாகவே சொல்வார்கள். எனக்கு அதில் வேறு இரண்டு செய்திகள் முக்கியமாகப் படுகின்றன. இத்தனை பேருக்குத்தான் இடம் என்ற கணக்கு அந்தப் பலகைக்கு இல்லை. யாருக்கு இடம் என்பதை ஏற்கெனவே அமர்ந்திருப்பவர்கள் முடிவு செய்வதும் இல்லை.

நம்மிடம் அப்படியொரு பலகை கிடையாது. இலக்கியம் பேசக் கூடுகிற எந்தக் குழுவிலும் அந்த வேலையை மனிதர்களே செய்யவேண்டியிருக்கிறது. மனிதர்கள் செய்யும்போது நட்பும் பகையும், சாதியும் ஊரும் அதில் வந்து கலந்துவிடுகின்றன.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி.கே.சி.யின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியை எண்ணிப் பார்க்கிறேன். வந்தவரை உபசரித்து உட்காரவைத்துக் கம்பனைக் கேட்கச் செய்த வீடு அது. வாசல் தாராளமாகத் திறந்திருந்தது. உள்ளே ஓர் அளவுகோல் இருந்தது: ரசனை. கம்பராமாயணத்தின் ஏராளமான பாடல்களைச் செருகுகவிகள் என்று டி.கே.சி. ஒதுக்கியது அந்த அளவுகோலைக் கொண்டுதான். ஏட்டுச்சுவடி என்ன சொல்கிறது என்று கேட்கும் ஒருவருக்கு அங்கே உபசாரம் குறைவின்றிக் கிடைத்திருக்கும். கேள்விக்கும் அதே உபசாரம் கிடைத்திருக்குமா என்பது என் ஐயம்.

இதற்கு நேர்மாறானது சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து'. 1959 ஜனவரியில் தொடங்கிய அவ்விதழ், 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை, கடைகளில் தொங்குவதில்லை என்று அறிவித்துக்கொண்டே வந்தது. கேட்பதற்கு ஆணவமாகத் தோன்றும். ஆனால் இலங்கைத் திருகோணமலையிலிருந்து எழுதிய, இருபது வயதைத் தொட்டிருந்த தருமு சிவராமுவுக்கு 1960இல் இடம் கொடுத்தது அந்த இதழ்தான். 1962இல் வெளிவந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 கவிஞர்கள் இருந்தார்கள். பிரதிகளுக்கு வரம்பு கட்டிய அதே செல்லப்பா, தம் வெளியீடுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். வாசகரைத் தேடி இவ்வளவு நடந்தவரை யாரும் கதவடைத்தவர் என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே, வாசல் எவ்வளவு அகலம் என்பதை மட்டும் வைத்து ஒரு குழுவை எடைபோட முடியாது என்று தோன்றுகிறது. உள்ளே வந்தவரின் மாற்றுக் கருத்துக்கு என்ன நேர்கிறது என்றுதான் பார்க்கவேண்டும்.

எங்கள் ஊர் வாசிப்பு வட்டம் இரண்டு எல்லைகளையும் பார்த்துவிட்டது. முதலில் பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லோரையும் அழைப்போம் என்று சுவரொட்டி ஒட்டினோம். நாற்பது பேர் வந்தார்கள். சில மாதங்களில் வாழ்த்துரையும் பொன்னாடையும் வந்து சேர்ந்தன. மௌனியின் கதை ஒன்றைப் பேசவிருந்த மாலையில், அதைப் படிக்காத ஐந்து பேர் அதைப் பற்றிப் பேசினார்கள். எங்களுள் மிகக் கவனமாக வாசிக்கக்கூடிய இருவர் சொல்லாமலே நின்றுவிட்டார்கள்.

பிறகு, அழைக்கப்பட்டவர் மட்டும் வரலாம் என்று ஆக்கினோம். அமைதி திரும்பியது. ஓராண்டுக்குள் அந்த அமைதி வேறு விதமாகக் கனக்கத் தொடங்கிற்று. இன்னார் வாய் திறக்குமுன்பே என்ன சொல்லப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் ஓர் உறுப்பினருடன் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் வந்தார். நண்பர்கள் விடியவிடியத் தத்துவம் பேசும் கதை ஒன்றை நாங்கள் வியந்துகொண்டிருந்தோம். "ராத்திரி முழுக்க அவங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது யாரு?" என்று அவர் கேட்டார். கதையை மறுபடி புரட்டினோம். ஒரே ஒரு வரியில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் பெயர்கூட இல்லை. அன்று மாலை முழுதும் அந்த ஒரு வரியைப் பற்றியே பேசினோம். எங்களில் மூத்தவர், இது இலக்கியக் கேள்வி ஆகாது என்றார். அந்தப் பெண்ணைத் தொடர்ந்து அழைப்பது என்று முடிவானபோது அவர் விலகிக்கொண்டார். சங்கப் பாடல்களை அவரைப் போல் விளக்க இன்று எங்களிடம் ஆளில்லை. அது சிறிய இழப்பன்று.

இறையனார் அகப்பொருள் உரையில் வரும் ஒரு நிகழ்ச்சி எனக்கு நினைவு வருகிறது. சங்கத்துப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் அந்நூலுக்கு உரை கண்டுவிட்டார்கள். எது மெய்யுரை என்று அவர்களுக்குள் தீரவில்லை. தீர்ப்புச் சொல்ல வந்தவன் ஐந்து வயது மூங்கைப் பிள்ளை, உருத்திரசன்மன். வாய் பேசாத அந்தப் பிள்ளை நக்கீரர் உரையைக் கேட்டதும் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தான் என்கிறது உரை. அவ்வளவு பெரிய அவைக்கும் வெளியிலிருந்து ஒரு செவி வேண்டியிருந்தது.

இப்போது எங்கள் வட்டத்தில் இரண்டே விதிகள். யாரும் வரலாம், ஆனால் அன்றைய கதையைப் படித்திருக்கவேண்டும். புதிதாக வந்தவரே முதலில் பேசவேண்டும். பழையவர்கள் பேசி முடித்தபின் அவர் வாய் திறக்கத் தயங்குவார் என்பதற்காக இது. முதல் விதியும் சிலரை வெளியே நிறுத்தத்தான் செய்கிறது. புத்தகம் வாங்கக் காசும் நூலகம் போக நேரமும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதனால் கதையின் படிகளை ஒரு வாரம் முன்னதாகவே பேருந்து நிலையத்துத் தேநீர்க்கடையில் வைத்துவிடுகிறோம்.

சென்ற மாதம் பத்துப் படிகள் வைத்தோம். மூன்றை எடுத்துப் போயிருந்தார்கள். ஒருவர் வந்தார். அவரே முதலில் பேசினார்.