தென் விளிம்பில் ஒரு ஜனவரி இரவு

கிராண்ட் கேன்யன் என்றதும் பாலைவன வெயில்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அரிசோனாவின் அந்தப் பெரும் பள்ளத்தாக்கின் தென் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் வட விளிம்புக்குப் போகும் சாலையைப் பனி அடைத்துவிடும். தென் விளிம்பு ஆண்டு முழுதும் திறந்திருக்கும். கூட்ட நெரிசல் இல்லாமல், பனி படிந்த செம்பாறைகளைப் பார்க்க ஜனவரிதான் நல்ல மாதம்.

ஃபீனிக்ஸில் வசிக்கும் அண்ணனின் டிராவல் டிரெய்லரில், ஃபிளாக்ஸ்டாஃப் வழியாக மலையேறினோம். 'டிரெய்லர் வில்லேஜ்' முகாமில் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் என மூன்று இணைப்புகளும் உண்டு. வண்டியை அங்கே நிறுத்திவிட்டு, மேதர் பாயின்ட்டில் சூரியன் மறைவதைப் பார்த்தோம். கடைசி வெளிச்சம் பாறை அடுக்குகளை விட்டு விலகியதுமே குளிர் கன்னத்தைக் கடித்தது.

திரும்பி வந்ததும் அண்ணன் டிரெய்லரின் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு, வெளியிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிச் சுருட்டினார். இரவில் அது உறைந்துவிடும். பிறகு சின்ன மின் ஹீட்டரை எடுத்துத் தரையில் சமமாக வைத்தார். திரைச்சீலையும் போர்வையும் மூன்றடி தள்ளி இருக்கின்றனவா என்று பார்த்தார். எக்ஸ்டென்ஷன் ஒயர் இல்லாமல் நேரே சுவர் பிளக்கில் செருகினார். சற்று நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்த்தார். "இது சுட ஆரம்பிச்சா உடனே அணைச்சிடணும் தம்பி" என்றார்.

அண்ணி பால் சுடவைக்க மைக்ரோவேவைத் திறந்ததும் ஹீட்டரை நிறுத்தினார். எங்கள் டிரெய்லருக்கு 120 வோல்ட்டில் 30 ஆம்பியர், அதாவது மொத்தம் 3,600 வாட்தான். 1,500 வாட் ஹீட்டர் மட்டுமே 12.5 ஆம்பியர் இழுக்கும். அதோடு மைக்ரோவேவும் வெந்நீர் ஹீட்டரும் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும்.

சத்தமில்லாமல், சிலிண்டரைக் காலி செய்யாமல் அறை இதமாக இருந்தது. "ராத்திரி முழுக்க இதையே ஓட விடலாமே அண்ணா?" என்று கேட்டேன்.

"அறை சூடா இருந்தா ஃபர்னஸ் ஓடாது. ஃபர்னஸ் ஓடலேன்னா கீழே தண்ணி உறைஞ்சிடும்" என்றார் அண்ணன். புரொப்பேனில் எரியும் ஃபர்னஸின் சூடான காற்று, தரைக்கு அடியில் போகும் குழாய்களையும் தொட்டிகளையும் சேர்த்தே காக்கிறது. மின் ஹீட்டரின் சூடு அறையைத் தாண்டாது. அறையின் தெர்மோஸ்டாட்டுக்கோ கீழே இருக்கும் குளிர் தெரியாது. மேலும், எல்லோரும் தூங்கும்போது ஹீட்டரை ஓட விடுவது தீ ஆபத்து.

படுக்கும் முன் ஹீட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சோதித்தார். இரவில் ஃபர்னஸின் விசிறி விட்டுவிட்டு ஓடியது. வெளியே எல்லாம் உறைந்து கிடந்த காலையில், எங்கள் குழாயில் தண்ணீர் வந்தது.

குளிர் ஊருக்கு டிரெய்லரில் போகும் நண்பர்களே, விழித்திருக்கும் நேரத்துக்கு மின் ஹீட்டர்; தூங்கும் நேரத்துக்கு ஃபர்னஸ். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து மட்டும் ஒருபோதும் குளிர் காயாதீர்கள். சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்று இருட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.