கட்டணம் ஏறவில்லை!

வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் வாசிக்கப்படும் நாளில் நம் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாவுக்கு என்ன விலை, சீனிக்கு என்ன விலை, புகையிரதக் கட்டணம் ஏறிற்றா என்று விசாரித்து அறிவோம். “ஏறவில்லை” என்ற சொல் காதில் விழுந்ததும் பெருமூச்சு விட்டுப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவோம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே செய்து வந்தோம். அது பிழை என்பதைப் பிந்தியே உணர்ந்தோம்.

கட்டணம் சிறு விஷயமன்று. கொரிய யுத்த காலத்தில் உயர்ந்திருந்த றப்பர் விலை வீழ்ந்து திறைசேரி வற்றியபோது, 1953ஆம் ஆண்டு நிதி அமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. தபாற் கட்டணத்தோடு புகையிரதக் கட்டணமும் ஏறிற்று. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் மூண்டது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஆட்சிபீடம் ஏறியோர் அந்தப் பாடத்தை எளிதில் மறக்கவில்லை.

ஆயினும், சீட்டின் விலை குறைந்திருப்பதனால் வண்டி குறைந்த செலவில் ஓடுகிறதென்று எண்ணலாகாது. நம் நாட்டுப் புகையிரதம் அரசாங்கத் திணைக்களம். அது ஈட்டும் பணம் திறைசேரியைச் சேரும். அதன் செலவுக்குப் பாராளுமன்றம் பணம் ஒதுக்கும். பல ஆண்டுகளாக வரவு செலவுக்குப் போதவில்லை. குறையை நிரப்புவது பொதுமக்களின் வரிப்பணமே. தண்டவாளமே காணாத நெடுந்தீவில் ஒரு தாய் கடையில் வாங்கும் பொருளின்மீது விழும் வரியும் அதிற் சேர்ந்திருக்கிறது.

ஒதுக்கப்படும் பணம் இருவகைப்படும். சம்பளம், எரிபொருள் முதலியன மீண்டெழும் செலவு. அவற்றை ஒத்திப்போட இயலாது. பாதை, பாலம், இயந்திரம், பெட்டிகள் ஆகியன மூலதனச் செலவு. பணமுடை வந்தால் கத்தி முதலில் விழுவது இதன்மீதே. ஊழியருக்கு வாய் உண்டு; பிரயாணிகளுக்கு வாக்கு உண்டு; பாலத்துக்கு இரண்டும் இல்லை. மாரிக்கு முன் கூரை வேயவேண்டிய பணத்தைத் தீபாவளிப் புடைவைக்குச் செலவழித்த குடும்பத்தின் கதைதான் இது. பிள்ளைகள் அன்று மகிழ்வார்கள். மழை வந்தபின் நனைவார்கள்.

பாதை இல்லாமற் போனால் என்னவாகும் என்பதை வடபகுதியார்க்குச் சொல்லத் தேவையில்லை. 1905இல் முழுமை பெற்ற வடபாதையில் 1956 முதல் ஓடிய யாழ்தேவி, 1990 ஜூனில் யுத்தத்தால் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்திற்று. தண்டவாளங்களும் சிலிப்பர்கட்டைகளும் பெயர்க்கப்பட்டுக் காப்பரண்களாயின. 24 ஆண்டுகள் எவ்வளவு பணம் நீட்டினாலும் யாழ்ப்பாணத்துக்கு ஒரு சீட்டு வாங்க முடியவில்லை. இந்தியக் கடனுதவியால் பாதை மீண்டும் எழுந்து, 2014 அக்டோபர் 13ஆம் நாள் வண்டி வந்தது. அக்கடனையும் நாமே இறுக்கவேண்டும்.

அந்நாட்களில் ஒரு மாலை, யாழ்ப்பாண நிலையத்துக்கு வண்டி பார்க்கப் போயிருந்தோம். எமக்கருகில் நின்ற முதியவர் ஒருவர் வண்டியைப் பாராமல் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காரணம் கேட்டோம். “வண்டி வரும், போகும் தம்பி. இதெல்லோ இல்லாமற் போனது” என்றார். எமது பிழையை அன்றுதான் உணர்ந்தோம்.

கட்டணத்தை ஏற்றுங்கள் என்று நாம் வாதிடவில்லை. பருவச்சீட்டோடு படிக்கப்போகும் மாணவனுக்கும் நாட்கூலிக்குப் போகும் தொழிலாளிக்கும் குறைந்த கட்டணம் நியாயமானதே. ஆனால் அந்தச் சலுகைக்கான பணம் பாதையின் பராமரிப்பிலிருந்து பறிக்கப்படலாகாது.

ஆகவே, அடுத்த வரவு செலவுத் திட்டம் வெளிவரும்போது, “கட்டணம் ஏறவில்லை” என்ற வரியோடு பத்திரிகையை மடித்துவிடாதீர்கள். மூலதனச் செலவு எவ்வளவு என்றும் பாருங்கள். நம் பிள்ளைகள் பிரயாணஞ் செய்யப்போகும் பாதை அந்த எண்ணிலேதான் இருக்கிறது.