சுண்டலுக்கும் மிளகுக்கும் ஒரு வீடு

11 அக்டோபர் 2025, சனி

கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் இந்த மாதக் கடைசி வரைதான் தங்கலாம். அதற்குள் கொல்கத்தா நியூ டவுனில் வீடு பிடிக்க வேண்டும். சுண்டலும் மிளகும் சென்னை மடிப்பாக்கத்தில் அம்மாவிடம் இருக்கிறார்கள். சுண்டல் நாட்டு நாய், வேளச்சேரிப் பாலத்தடியில் குட்டியாகக் கிடைத்தவன். மிளகு பூனை, தானாகவே வந்து சேர்ந்தவள்.

சென்னையில் வீடு தேடினால் முதல் கேள்வி “வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?” இங்கே அதை யாரும் கேட்பதில்லை. மீன் சாப்பிட மாட்டேன் என்றால்தான் புருவம் உயரும் போலிருக்கிறது. புரோக்கர் கேட்டது தனியாளா, குடும்பமா, எந்த ஆபீஸ் என்பவைதான். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. “ஒரு நாய், ஒரு பூனை” என்றேன். போனில் சத்தமே இல்லை. பிறகு, “நாய் எந்த ஜாதி, மேடம்?” நாட்டு நாய் என்றதும் அவருக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது. லாப்ரடார் என்றிருந்தால் பேசிப் பார்ப்பாராம்.

அம்மா ராத்திரி கூப்பிட்டாள். “வாட்ச்மேன் இருக்கிற எடமா பாருடி. பெரிய கேட்டு போட்டிருக்கணும்.” சரி என்றேன். நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

12 அக்டோபர், ஞாயிறு

பகல் முழுக்கச் சுற்றல். இந்த ஊர் ஒரு ஊராக வளரவில்லை, வரைபடமாக வந்து இறங்கியிருக்கிறது. 1999இல் ஹிட்கோ என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கி, ராஜர்ஹாட் பக்கத்து வயல்களையும் மீன் குளங்களையும் எடுத்து, ஆக்‌ஷன் ஏரியா ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்தார்கள். ஒன்றில் நான்கைந்து மாடிக் கட்டடங்கள், எழுத்துப் பெயர் கொண்ட பிளாக்குகள். இரண்டிலும் மூன்றிலும் பெரும்பாலும் கேட் போட்ட அடுக்குமாடிகள். நடுநடுவே யாத்ராகாச்சி, தாக்தாரி, கௌராங்கநகர் என்று பழைய கிராமங்கள் அப்படியே இருக்கின்றன. கட்டாத மனைகளில் ஆள் உயரத்துக்குக் காஷ் புல், வெள்ளைப் பூவோடு. துர்கா பூஜை முடிந்து பத்து நாள் ஆகிறது, பந்தல் மூங்கில்கள் இன்னும் சாலையோரம்.

அம்மா சொன்ன மாதிரியே பெரிய கேட்டாகப் பார்த்தேன். ஒரு வளாகத்தில் அசோசியேஷன் ஆள் பலகையைக் காட்டினார்: நாய்கள் சர்வீஸ் லிஃப்டில் மட்டும், பூங்காவுக்குள் கூடாது, மாதாமாதம் தனிக் கட்டணம். இன்னொன்றில் வாய்மொழி விதி: “சின்ன நாய்னா பரவாயில்லை.”

இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 பிப்ரவரி வழிகாட்டுதல் என் போனில் இருக்கிறது. பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் அசோசியேஷன் செல்லப் பிராணிகளைத் தடை செய்ய முடியாது, லிஃப்டை மறுக்கக் கூடாது, அதற்கெனக் கட்டணமும் வாங்கக் கூடாது என்கிறது அது. ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருந்த வாரியம். அந்தச் சுற்றறிக்கை வந்தபோது அலுவலகம் திருவான்மியூரில்தான், பிறகுதான் ஹரியானாவுக்குப் போனது. நம்ம ஊர்க் காகிதத்தைக் கொல்கத்தாவில் நீட்டினேன். அவர் மரியாதையாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சட்டம் என் பக்கம் இருக்கலாம். ஆனால் தினம் மூன்று வேளை லிஃப்ட் வாசலில் சட்டம் பேசிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. சுண்டல் இருபதாவது மாடியில் அடக்கிக்கொண்டு நிற்கவும் மாட்டான்.

14 அக்டோபர், செவ்வாய்

ஷிஃப்ட் முடிந்து வரும்போது கேப் டிரைவர், ஷாபூர்ஜி பக்கம் வீடு பார்க்கிறேன் என்றதும், 2021 ஜூன் கதையைச் சொன்னார். ஆக்‌ஷன் ஏரியா மூன்றில் சுகோபிரிஷ்டி என்ற பெரிய குடியிருப்பு, அதைத்தான் ஷாபூர்ஜி என்கிறார்கள். அதில் ஒரு வாடகை ஃபிளாட்டில் ஒளிந்திருந்த பஞ்சாப் ரவுடிகள் இருவரை ஜூன் 9ஆம் தேதி போலீஸ் சுட்டுக் கொன்றது. கேட், காவலாளி, பதிவேடு எல்லாம் உள்ள இடம்தான். பக்கத்து ஃபிளாட்டில் யார் என்று பக்கத்து ஃபிளாட்டுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதற்காக அந்த வளாகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிம்மதியாக வாழ்கிற இடம். ஆனால் கேட் பற்றிய என் நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

கெஸ்ட் ஹவுஸுக்கு முன்னாலேயே, ஆக்‌ஷன் ஏரியா ஒன்றில் இறங்கிக்கொண்டு மீதித் தூரம் நடந்தேன். மணி பதினொன்று. ஒரு பிளாக்கின் திருப்பத்தில் தெரு நாய்கள் நான்கைந்து நடுச்சாலையில் படுத்திருந்தன. நின்றுவிட்டேன். ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு மறுபடி படுத்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் காது நுனியில் வெட்டு: கருத்தடை முடிந்து தடுப்பூசி போட்டதற்கான அடையாளம். எங்கள் ப்ளூ கிராஸ் அறுபதுகளில் தொடங்கி, தொண்ணூறுகளில் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்ட அதே வழி.

அங்கேயே நின்று யோசித்தேன். பயந்த தெருவில் நாய்கள் கூட்டமாக ஓடும், குரைக்கும், வண்டியைத் துரத்தும். கல்லடி படும் தெருவில் ஆளைக் கண்டாலே வாலை இடுக்கிக்கொண்டு ஒதுங்கும். நடுச்சாலையில் மல்லாந்து தூங்குகிறதென்றால் அந்தத் தெருவில் யாரோ தினம் சோறு வைக்கிறார்கள், யாரோ பிடித்துக்கொண்டு போய் ஊசி போட்டுக் கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள், யாரும் அடிக்கவில்லை. இத்தனையும் நடக்கிற தெருவில் இரவு பதினொன்றுக்கு ஒரு பெண் நடந்து போவதையும் நாலு கண் பார்க்கும். சிசிடிவி எண்ணிக்கையைவிட எனக்கு இது நம்பகமாகப் படுகிறது.

கடிபடுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ரேபிஸால் உலகில் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பயம் நியாயமானது. அதனால்தான் அந்தக் காது வெட்டைத் தேடுகிறேன்.

15 அக்டோபர், புதன்

அதே திருப்பம், மாலை ஏழு மணி. சோறு வைப்பவர் யாரென்று பார்த்துவிட்டேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தெருவே மாஷிமா என்கிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அலுமினியத் தூக்கில் மஞ்சள் போட்ட சோறும் மீன் தலையும். என் பெங்காலி பத்துச் சொல், அவர் இந்தி அதைவிடக் கொஞ்சம் அதிகம், மீதி ஆங்கிலம். நாய்களுக்குப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். 2019 ஜனவரியில் என்.ஆர்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் 16 நாய்க்குட்டிகளை அடித்துக் கொன்றபோது, கொல்கத்தாவே தெருவில் இறங்கிய நாட்களில்தான் இவர் சோறு வைக்கத் தொடங்கினாராம்.

நாய் வளர்ப்பவள் வீடு தேடுகிறேன் என்றதும் அவர் புரோக்கர் மாதிரி ஜாதி கேட்கவில்லை. “கடிப்பானா?” என்று மட்டும் கேட்டார். கடித்ததில்லை என்றேன். தன் கட்டடத்தில் இரண்டாவது மாடி காலியாகப் போகிறதாம். வீட்டுக்காரர் துர்காபூரில் இருக்கிறார்.

18 அக்டோபர், சனி

வீட்டைப் பார்க்கும் முன் தரையைப் பார்த்தேன். செப்டம்பர் 22 இரவிலிருந்து 23 விடியும்வரை கொட்டிய மழையில் கொல்கத்தாவில் பலர் தேங்கிய நீரில் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். நாய் வைத்திருப்பவர்களுக்கு இது அடிவயிற்றைக் கலக்கும் செய்தி. செருப்பில்லாத நான்கு கால், ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து பார்க்கும் பழக்கம், அங்கேயே ஒன்றுக்கு வேறு. தண்ணீர் நின்ற இடத்தில் எலிச் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸும் வரும். அதற்கான தடுப்பூசியை அம்மாவிடம் நினைவுபடுத்த வேண்டும்.

எங்கே தண்ணீர் நிற்கும் என்று புரோக்கரைக் கேட்டால் “எங்கேயும் நிற்காது” என்பார். டீக்கடைக்காரரைக் கேட்டேன். ஒவ்வொரு திருப்பமாகச் சொன்னார், முழங்கால், கணுக்கால் என்று கைவைத்துக் காட்டி. மாஷிமா தெருவில் கணுக்கால், மதியத்துக்குள் வடிந்துவிட்டது. அந்த ஓரத்து டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் மட்டும் முழங்கால். குறித்துக்கொண்டேன். காலி மனைப் புல்லில் பாம்பு உண்டு, கட்டுவிரியன் இல்லை, கண்ணாடிவிரியன் என்று துல்லியமாகவும் சொன்னார். அந்தப் பக்கம் நாயைச் சங்கிலியை விட்டு அவிழ்ப்பதில்லை, முடிவு.

கால்நடை மருத்துவர் பக்கத்தில் சிலர் இருக்கிறார்கள். பெரிய கேஸ் என்றால் பெல்காச்சியா கால்நடைக் கல்லூரி. நம்ம வேப்பேரிக் கல்லூரி 1903, இது அதற்குப் பத்து வருடம் மூத்தது. நடுராத்திரி எந்த வழியில் போவது என்று ஒருமுறை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

20 அக்டோபர், திங்கள்

காளி பூஜை, நமக்குத் தீபாவளி. அட்வான்ஸ் கொடுக்குமுன் இந்த ஒரு இரவை அந்தத் தெருவில் கழித்துவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். மாஷிமா வீட்டு வராந்தாவில் எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தேன்.

விதிப்படி பசுமைப் பட்டாசு மட்டும், இரவு எட்டிலிருந்து பத்து வரை. வங்காளத்தில் பட்டாசுச் சத்தத்துக்கு நெடுங்காலம் 90 டெசிபல்தான் வரம்பு. நாட்டின் மற்ற இடங்களைவிடக் கறாரான விதி. 2023 அக்டோபரில் அதை 125 ஆக்கிவிட்டார்கள். நாய்களிடம் யாரும் கேட்கவில்லை. மனிதக் காதுக்கு எட்டாத உயர் ஒலியெல்லாம் அவற்றின் காதுக்கு எட்டும்.

எட்டரைக்கு மேல் சரியான சத்தம். பெரும்பாலும் கிராமத்துப் பக்கத்திலிருந்தும் தொலைவில் அடுக்குமாடிகளிலிருந்தும். இந்தத் தெருவில் புஸ்வாணமும் சங்குசக்கரமும்தான். நாய்கள் மாடிப்படிக்குக் கீழே போய்ப் பதுங்கின. யாரும் விரட்டவில்லை, படிக்கட்டுக் கதவை அதற்காகவே திறந்து வைத்திருக்கிறார்கள். பத்தரைக்கு ஒரு பையன் வெடிகட்டு எடுத்து வந்தான். மேல்மாடியிலிருந்து ஒரு அதட்டல். திரும்பிப் போய்விட்டான். பன்னிரண்டு மணிக்கும் தூரத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. விதி விதி, கொண்டாட்டம் கொண்டாட்டம்.

அம்மாவைக் கூப்பிட்டேன். சென்னையில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று அனுமதி. அது பாட்டுக்கு அது. “சுண்டல் பாத்ரூம்ல வாளிக்குப் பின்னாடி. மிளகு பீரோ மேல. நான் ரேடியோவ சத்தமா வெச்சுட்டு நடுவுல உக்காந்திருக்கேன். லேகியம் தின்னியா?”

இல்லை. மாஷிமா நாரு கொடுத்தார், தேங்காய் வெல்ல உருண்டை.

25 அக்டோபர், சனி

வீட்டுக்காரர் துர்காபூரிலிருந்து வந்தார். ஒப்பந்தத்தில் “வாடகைதாரர் ஒரு நாயும் ஒரு பூனையும் வைத்துக்கொள்ளலாம்” என்ற வரியைச் சேர்க்கச் சொன்னேன். வாய் வார்த்தை போதாதா என்றார். அவருக்குப் போதும், அவர் மகனுக்கு நாளைக்குப் போதாது. சேர்த்தார்.

பால்கனி வலைக்குத்தான் பேரம் நீண்டது. சுவரில் துளை போட அவருக்கு மனமில்லை. நைலான் புறா வலையை மிளகு ஒரு வாரத்தில் கடித்துவிடுவாள், கம்பி வலைதான் வேண்டும். ஆபீஸில் ஒருவர், பூனைக்கு மாடி உயரம் ஒன்றும் செய்யாது, ஆராய்ச்சியே இருக்கிறது என்கிறார். 1987இல் நியூயார்க் மருத்துவர்கள் எழுதியது. மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளில் பத்துக்கு ஒன்பது பிழைத்தன, ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்கு அடி குறைவு. விழுந்த இடத்திலேயே செத்ததை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்? துளைகளைக் காலி செய்யும்போது பூசித் தருவதாக எழுதிக் கொடுத்தேன்.

வாடகைதாரர் விவரப் படிவத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்தாயிற்று.

1 நவம்பர், சனி

வீடு மாறியாயிற்று. லேக் மார்க்கெட் போய்க் காபிப் பொடி வாங்கினேன். அங்கே தமிழ் கேட்கிறது, ஆனால் ஆபீஸிலிருந்து ஊரின் மறுமுனை.

சுண்டலை அழைத்து வர ரயில்தான். ஏ.சி. முதல் வகுப்பில் இரண்டு படுக்கை கூப்பே முழுவதும் நம் பேரில் கிடைத்தால் உடன் வரலாம். கிடைக்காவிட்டால் கார்டு வண்டியில் நாய்ப் பெட்டி. 1,660 கிலோமீட்டர் அந்தப் பெட்டியில் வர விடமாட்டேன். கூப்பேயா இல்லையா என்பது சார்ட் போடும்போதுதான் தெரியும். அம்மாவும் கூட வருகிறாள். மருத்துவச் சான்றிதழ், தடுப்பூசிப் புத்தகம், பார்சல் ஆபீசில் பதிவு எல்லாம் அவள் தலையில்.

8 நவம்பர், சனி

உச்ச நீதிமன்றம் நேற்று புது உத்தரவு போட்டிருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டு போக வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது. ஆகஸ்ட் 22இல் சொன்னது வேறு: கருத்தடை, தடுப்பூசி, பிறகு பிடித்த இடத்திலேயே விடு, சோறு மட்டும் ஒதுக்கிய இடத்தில் வை. மாஷிமா சோறு வைக்கும் மூலை ஒரு பள்ளி மதிலை ஒட்டியது. காலையில் கதவைத் தட்டிவிட்டார், கையில் செய்தித்தாள்.

இருவரும் தெருவை அளந்தோம். மதிலைவிட்டுத் தள்ளி டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வைக்கலாமென்றால் மழையில் முழங்கால் தண்ணீர். காலி மனையோரம் என்றால் விரியன். பூங்கா வாசலில் வைத்தால் காலை நடை போகிறவர்கள் புகார் கொடுப்பார்கள். கடைசியில் எங்கள் கட்டடத்தின் பின்பக்கச் சந்துதான் மிஞ்சியது. ஆனால் நாய்கள் அங்கே வந்தால் சுண்டல் ஜன்னலுக்கு நேர் கீழே. வந்த முதல் நாளே பஞ்சாயத்து தொடங்கும். இருந்தாலும் சரி என்றேன்.

அந்தச் சந்தில் உணவிடம் ஒதுக்கச் சொல்லி, நியூ டவுன் ஆணையமான என்.கே.டி.ஏ.வுக்கு மனு எழுதினேன். மாஷிமா சிவப்புப் பேனாவால் இலக்கணம் திருத்தினார். நம் இருவர் கையெழுத்து போதாது, பிளாக்கில் இன்னும் சில வீடுகளில் வாங்க வேண்டும் என்கிறார். நாளை ஞாயிறு. ஆம்பளைகள் மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் பத்து மணிக்குப் போனால் எல்லோரும் நல்ல மனநிலையில் இருப்பார்களாம்.