கரி தோண்டிய ஊர் ஓமுத்தா

நம் தோட்டத்து வீடுகளில் இரண்டு ஜப்பான் உண்டு. ஒன்று, தாத்தா பாட்டிமார் சொல்லிவிட்டுப் போன ஜப்பான்காரன் காலம். மரவள்ளிக் கிழங்கும், சயாம் ரயிலுக்குப் போய்த் திரும்பாத பெரியப்பாக்களும் அந்தக் கதையில் வருவார்கள். மற்றொன்று பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்து ஆசைப்படும் ஜப்பான். டோக்கியோ, ஒசாகா, பூத்துக் குலுங்கும் செர்ரி மரங்கள், மின்னல் வேக ரயில்.

இந்த இரண்டிலும் சேராத ஓர் ஊரைப் பற்றி எழுதுகிறேன். ஓமுத்தா என்பது அதன் பெயர். கியூஷு தீவில், ஃபுகுவோகா மாநிலத்தின் தென்கோடியில், ஆரியாகேக் கடலோரம் இருக்கிறது. சுற்றுலாக் கூட்டம் இங்கே இறங்குவதில்லை. ஆனால், உழைத்துப் பிழைத்த குடும்பங்களில் பிறந்த நமக்கு, பொற்கோயிலைவிட இங்கே பார்க்கவும் யோசிக்கவும் அதிகம் உண்டு என்பது என் எண்ணம்.

போகும் வழி சுலபம். ஃபுகுவோகா நகரின் தென்ஜின் நிலையத்தில் நிஷிதெத்சு விரைவு ரயிலில் ஏறினால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கடைசி நிலையம் ஓமுத்தா. ஷின் ஓமுத்தா என்று அதிவேக ரயிலுக்கு 2011-இல் திறந்த நிலையம் ஒன்றும் உண்டு. பெயரை நம்பி அதில் இறங்கிவிடாதீர்கள். அது ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது.

ஊரின் கதை முழுவதும் மீகே நிலக்கரிச் சுரங்கத்தின் கதைதான். நம் நாட்டில் பத்து ஆராங் கரிச்சுரங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் போலப் பன்மடங்கு பெரியது இது. அரசாங்கத்தின் கையில் இருந்த சுரங்கத்தை 1880-களின் கடைசியில் மிட்சுயி கம்பெனி விலைக்கு வாங்கியது. நாம் முதலில் போக வேண்டிய இடம் மியானோஹாரா குழி. 1901-இல் நிறுத்திய இரும்புக் கோபுரமும், ஆட்களை ஏற்றி இறக்கிய சுருள் இயந்திரமும் இன்னும் அங்கே நிற்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. விளக்கம் சொல்லத் தொண்டர்கள் இருக்கிறார்கள். 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்த்த பிறகு பாதை, பலகை எல்லாம் சீராக இருக்கின்றன.

அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தக் குழியில் கரி வெட்டியவர்களில் பெரும்பாலோர் சிறைக் கைதிகள். பக்கத்துச் சிறையிலிருந்து அணியணியாக நடத்திக் கொண்டு வரப்பட்டார்கள். 1930 வரை இது நடந்தது. சிறையின் வெளிமதில் இன்றும் இருக்கிறது. உள்ளே இப்போது மீகே தொழிற்பள்ளி! அந்தப் பள்ளியின் பேஸ்பால் குழு 1965-இல் முதல் முறையாகத் தேசியப் போட்டிக்குப் போய்க் கோப்பையைக் கொண்டு வந்தது. ஊரே தெருவுக்கு வந்து கொண்டாடியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அந்த ஊர் பட்டது என்ன என்று தெரிந்தால் அந்தக் கொண்டாட்டத்தின் எடை புரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது துறைமுகம். ஆரியாகேக் கடலில் ஏற்ற இறக்கம் ஐந்து மீட்டருக்கு மேல். வற்றும்போது கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும். ஆகவே கதவு போட்டுத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் துறைமுகத்தை 1908-இல் கட்டினார்கள். அந்த முறை இன்றும் வேலை செய்கிறது. இன்ஜினியர் மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால், கரியை முதுகில் சுமந்து கப்பலில் ஏற்றியவர்கள் யார்?

யோரோன் என்று ஒரு சிறு தீவு, தெற்கே ஒக்கினாவாவுக்குப் பக்கத்தில். 1898-இல் பெரும் புயல் அடித்துப் பயிர் அழிந்தது. பஞ்சத்தில் தவித்த அந்த மக்களைத் தேடி ஆள் பிடிப்பவர்கள் போனார்கள். 1899-இல் முதல் கூட்டம் கப்பலேறி, எதிர்க்கரையில் உள்ள குச்சினோட்சு துறைமுகத்துக்கு வந்தது. மீகே துறைமுகம் திறந்தபின் பலர் இங்கே வந்தார்கள். அவர்கள் பேச்சு வேறு, பழக்கம் வேறு. மற்றவர்களைவிடக் கூலி குறைவு. ஊரார் ஏளனமாகப் பார்த்தார்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்கு நாகப்பட்டினமும் கங்காணியும் நினைவுக்கு வந்தால் அது உங்கள் குற்றமல்ல. ஊரை விட்டு வந்தவர்களின் எலும்பைச் சேர்த்து வைக்க, யோரோன் மக்கள் தங்களுக்கென்று ஒரு பொதுக் கல்லறை மண்டபம் எழுப்பினார்கள். அது ஓமுத்தாவில் இருக்கிறது. கட்டாயம் போய் நின்றுவிட்டு வாருங்கள்.

போர்க்காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் கட்டாயமாகக் கொண்டு வந்து சுரங்கத்தில் இறக்கினார்கள். பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களும் இங்கே அடைபட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் சயாம் ரயில் போட்டுவிட்டு வந்தவர்கள். பின்னாளில் ஆஸ்திரேலியாவில் அமைச்சரான டாம் யூரென் அப்படி வந்தவர். நாகசாகியில் அணுகுண்டு விழுந்த நாளில் வானம் நிறம் மாறியதை அவர் ஓமுத்தாவிலிருந்து பார்த்தார். நம் பெரியப்பாக்கள் கட்டை சுமந்த அதே பாதையில் அவரும் சுமந்தவர்.

சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி வரிசை வரிசையாக வீடு கட்டிக் கொடுத்திருந்தது. நம் லயம் மாதிரியே. 1959 கடைசியில் 1,278 பேருக்கு வேலை இல்லை என்று கம்பெனி சொன்னது. 1960 ஜனவரியில் கதவடைப்பு. பெரும் போராட்டம் மூண்டது. இடையில் சங்கம் இரண்டாக உடைந்தது. ஒரே வரிசையில் குடியிருந்தவர்கள் முகம் பார்க்காமல் போனார்கள். அண்ணன் தம்பி பிரிந்தார்கள். ஒரு தொழிலாளியை அடியாட்கள் குத்திக் கொன்றார்கள். நவம்பரில் தொழிலாளர்கள் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள்.

1963 நவம்பர் 9. மிகாவா குழியில் கரித்தூள் வெடித்தது. 458 பேர் மாண்டார்கள். 839 பேரை நச்சுவாயு தாக்கியது. உயிர் பிழைத்தும் நினைவு கெட்டு, குணம் மாறி வீடு திரும்பிய புருஷன்மாரை ஆண்டுக்கணக்கில் பார்த்துக் கொண்டவர்கள் மனைவிமார். நட்ட ஈடும் சட்டப் பாதுகாப்பும் கேட்டு 1967-இல் அந்தப் பெண்கள் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஆண்டே சட்டம் வந்தது. மிகாவா குழியின் வாசலைப் பார்க்கும்போது எனக்கு இயந்திரம் எதுவும் மனத்தில் நிற்கவில்லை, அந்தப் பெண்கள்தான் நின்றார்கள்.

1997 மார்ச் 30-இல் சுரங்கத்தை மூடினார்கள். 1959-இல் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்த ஊரில் இன்று ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். மூவரில் ஒருவருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர். இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியானதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால், ஊர்க்காரர்கள் ஒன்று செய்தார்கள். நினைவு மறந்து வீட்டை விட்டு வழி தவறிப் போகும் முதியவர்களைக் கண்டுபிடிக்க, 2004 முதல் ஊரோடு சேர்ந்து ஒத்திகை நடத்துகிறார்கள். ஒருவர் வழி தவறியவர்போல் தெருவில் நடப்பார். கடைக்காரர், பள்ளிப் பிள்ளை என எல்லாரும் அவரைக் கவனித்து, பதறாமல் பேசிப் பழகுவார்கள். ஜப்பான் முழுவதும் இதைப் பார்த்துக் கற்றுக் கொண்டது.

சாப்பாட்டுக்கு வருவோம். இங்கத்திய ராமென் பன்றி எலும்புச் சாறு. ஆகாதவர்கள் முன்பே கேட்டுக் கொள்ளுங்கள். குசாகி மஞ்சு என்ற சின்ன இனிப்பு நம் சுசியத்துக்குத் தூரத்துச் சொந்தம். வெள்ளை அவரைப் பூரணம் வைத்து ஆவியில் வேக வைத்தது. அதைப் பெட்டியாக வாங்கி வரலாம்.

போவதென்றால் ஜூலைக் கடைசியில் போங்கள். அப்போது தாய்ஜாயாமா, அதாவது பெரும்பாம்புத் திருவிழா. மரமும் மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த பாம்புத் தேர்கள் வாயில் தீப்பொறி கக்கிக் கொண்டு தெருவில் வரும். நோய் அண்டாதென்று தாய்மார்கள் கைக்குழந்தையை அந்தப் பாம்பின் வாயில் வைத்து எடுப்பார்கள். குழந்தை வீரிட்டு அழும், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். சுரங்கத் தொழிலாளிகளின் பாட்டான தாங்கோ பூஷிக்கும் ஆட்டம் உண்டு. ஷா ஆலமில் போன் ஓடோரி பார்த்தவர்களுக்கு அது பழகிய மெட்டு. வெயில் நம் ஊர் வெயிலைவிடக் கடுமை. குடையும் தண்ணீர்ப் புட்டியும் கையில் இருக்கட்டும். அந்த நாட்களில் தங்க இடம் கிடைப்பது கடினம் என்பதால், ஃபுகுவோகாவில் தங்கி இரவு ரயிலில் திரும்பிவிடுவது நல்லது.