வயிறு தரும் எச்சரிக்கை

வயிற்றுவலி என்றவுடன் நம் இல்லங்களில் மருத்துவரை நினைப்பதற்கு முன் அஞ்சறைப் பெட்டியைத் திறப்பதே வழக்கம். ஓமமும் சுக்கும் சீரகமும் விருந்துண்ட இரவின் பொருமலைத் தணிக்கவே செய்கின்றன. அவற்றை நாம் இகழ வரவில்லை. எவ்வகை வலிக்கும் அவையே போதும் என்னும் துணிவைக் குறித்தே எழுதுகின்றோம்.

நோயாளரைச் சந்திக்க நாம் சென்ற இல்லமொன்றில், முதியவர் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து நம்மை வரவேற்றார். முகம் வெளுத்திருந்தது. மூட்டுவலிக்கென மருந்துக்கடையில் தாமே வாங்கிய மாத்திரைகளைப் பல மாதங்களாக விழுங்கி வந்தவர். பன்முறை வினவிய பின்னரே, நான்கு நாள்களாக மலம் தார்போல் கறுத்து, பிசுபிசுத்து, துர்நாற்றத்துடன் கழிவதாக மெல்லச் சொன்னார். "சாமியாரிடம் இதையெல்லாமா சொல்லுவது?" என்று அவர் துணைவியார் கடிந்துகொண்டார். அன்று மாலையே மருத்துவமனையில் சேர்த்தோம். இரைப்பைப் புண்ணிலிருந்து குருதி கசிந்துகொண்டிருந்தது. இரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோப்பி வழியே கசிவை அடைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அந்தக் கூச்சம் இன்னும் இரண்டு நாள் நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இரைப்பையில் கசியும் குருதி செரிமான நீர்களால் கறுத்துவிடும். ஆதலால் சிவப்பைத் தேடுவோர் அதனை இரத்தமென்று அறிவதில்லை. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பது உண்மையே; ஆயினும் தார்ப் பதமும் தலைசுற்றலும் கூடினால் அந்தச் சமாதானம் செல்லாது. ஆஸ்பிரின், ஐபுபுரோபென், டைக்லோபினாக் முதலிய வலிநிவாரணிகள் இரைப்பையின் காப்புப் படலத்தைக் குலைப்பவை. மற்றொரு பெருங்காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்கிருமி. கவலையும் அமிலமுமே புண்ணை உண்டாக்கும் என்று மருத்துவ உலகம் உறுதியாயிருந்த 1984-இல், ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார்! ராபின் வாரனோடு அவருக்கு 2005-இல் நோபெல் பரிசு கிட்டியது. இன்று சுமார் இரண்டு வார மருந்தில் அக்கிருமியை ஒழிக்க இயலும்.

சிவந்த இரத்தத்திற்கோ நம்மவரிடம் ஆயத்தமான விடை உண்டு: மூலம், இல்லையேல் உடற்சூடு. பெரும்பாலும் மூலமாகவே இருக்கலாம். ஆனால் பெருங்குடல் புற்றுநோயும் அதே வேடத்தில் வரும். சிறப்பாக 45 வயதைக் கடந்தோர் தாமே நோய்க்குப் பெயரிடலாகாது. தவக்கால ஒறுத்தலால் இளைத்ததாக மகிழ்ந்த அம்மையார் ஒருவர், பாஸ்காவிற்குப் பின்னும் இளைத்துக்கொண்டே போனார். காரணமின்றி மெலிதல், உணவு தொண்டைக்குக் கீழ் தடைபடுதல், கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி ஆகியவையும் காத்திருக்கத் தக்கவையல்ல.

தொப்புளருகே தோன்றி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அதனைக் குடலேற்றம் என்று எண்ணி வயிற்றை நீவுவதும், விளக்கெண்ணெய் புகட்டுவதும் பேராபத்து.

மேல்வயிற்று எரிச்சலோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால், வாயு என்று சோடா தேடி ஓடாதீர்கள். மாரடைப்பும் அவ்வாறு வரும்; நீரிழிவு உள்ளோரிடம் நெஞ்சுவலியே இன்றியும் வரும். உடனே 108-ஐ அழையுங்கள்.