பேச்சுதான் புரிய மாட்டேங்கு

ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் தெருவில் நடந்து போனால், எந்தெந்த வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்று கதவைத் தட்டாமலே சொல்லிவிடலாம். அந்த வீட்டுச் செய்தி வாசிப்பாளரின் குரல் தெருமுனை வரை வரும். உள்ளே ஒரு தாத்தாவோ ஆச்சியோ நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அவ்வளவு சத்தம் வைத்தும் அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குத் தலைவலி வந்திருக்கும்.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய பிறகு ரிமோட்டில் எண் கூடிக்கொண்டே போனது. மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அவள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள், அம்மா சங்கடப்பட்டுச் சத்தத்தைக் குறைப்பாள், குறைத்ததும் ஒன்றும் புரியாமல் எழுந்து போய்ப் படுத்துவிடுவாள். இன்னும் கொஞ்சம் கூட்டி வையேன் என்று ஒருநாள் நானே சொன்னபோது அவள் சொன்ன பதில் இது: “சத்தமெல்லாம் நல்லாத்தான் கேக்கு, பேச்சுதான் புரிய மாட்டேங்கு.”

இந்த வாக்கியத்தைக் காது மருத்துவர்கள் தினமும் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். வயதாகும்போது காது எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் இழப்பதில்லை. உச்சத்தில் இருக்கும் மெல்லிய ஒலிகள் முதலில் போகின்றன. தாழ்ந்த ஒலிகள் நெடுநாள் தங்குகின்றன. பேச்சில் உயிரெழுத்துகளுக்குத்தான் பலம் அதிகம், அவை தாழ்ந்த அலைவரிசையில் இருக்கின்றன. க, ச, த, ப போன்ற வல்லினங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் உயரத்தில், மிக மெலிதாக, கண நேரத்துக்கு வந்து போகின்றன. கடை, தடை, படை, சடை என்று நாலு சொல்லையும் சொன்னால் அம்மாவின் காதுக்கு நாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எது என்று, பேசுபவரின் வாய் அசைவைப் பார்த்தும், கதையின் போக்கைப் பிடித்தும் அவள் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேர சீரியல் முடிவதற்குள் அவள் களைத்துப்போவதற்குக் காரணம் இந்த ஊகவேலைதான். எதிரே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அந்த உழைப்பு தெரியாது.

சத்தத்தைக் கூட்டினால் என்ன ஆகிறது? ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த உயிரெழுத்துகளும் பின்னணி இசையும் மேலும் கூடுகின்றன. இன்றைய டிவி சுவரில் மாட்டும் மெல்லிய பலகை. அதன் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்பக்கமாகவோ இருக்கிறது. வந்த ஒலி சுவரில் மோதி, டைல்ஸ் தரையில் மோதி, மின்விசிறி இரைச்சலோடு கலந்து, நாற்காலிக்கு வந்து சேர்கிறது. நம் வீடுகளில் கம்பளம் கிடையாது, கனத்த திரைச்சீலை கிடையாது. அந்த எதிரொலியில் முதலில் கரைந்துபோவது அதே மெல்லிய வல்லினங்கள்தான். ஆக, பெரியவர்களுக்குத் தேவை கூடுதல் சத்தம் என்று நாம் நினைப்பது பாதி உண்மை. தெளிவுதான் அவர்கள் முதல் தேவை. ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் அந்த அறையை விலக்கிவிட்டால் தெளிவில் பெரும்பங்கு தானாகவே வந்துவிடும்.

ஹெட்போன் செய்வது அதைத்தான். டிவியின் ஒலியை வாங்கி, காற்றில் அந்த ஹெட்போனுக்கு அனுப்பிவைக்கும் சின்னப் பெட்டிதான் புளூடூத் டிரான்ஸ்மிட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். டிவியின் பின்னால் இருக்கும் யு.எஸ்.பி. துளையிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். புளூடூத் 1990-களில் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய தொழில்நுட்பம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 79 தடங்களுக்குள் நொடிக்கு 1600 முறை தாவித்தாவி ஒலியைக் கொண்டுபோகிறது. அதே அலைவரிசையில் வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இருந்தும் பேச்சு பெரும்பாலும் அறுபடாமல் வருவதற்கு இந்தத் தாவல்தான் காரணம்.

ஆனால் இந்தப் பெட்டியை வாங்கிய பல வீடுகளில் அது இப்போது பரணில் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் அப்படித்தான். அந்த வீட்டு அண்ணாச்சி ஒரு வாரம் கூடப் போட்டுப் பார்க்கவில்லை. “வாய் முதல்ல அசையுது, பேச்சு பொறவு வருது” என்று கழற்றி வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தவறே இல்லை. ஒலியைச் சுருக்கி, பொட்டலமாகக் கட்டி அனுப்பி, அந்தப் பக்கம் சேர்த்துவைத்துப் பிரிப்பதற்கு நேரமாகிறது. எல்லா புளூடூத் ஹெட்போனிலும் கட்டாயம் இருக்கும் எஸ்.பி.சி. என்ற சுருக்குமுறையில் இந்தத் தாமதம் சாதாரணமாக 150 முதல் 250 மில்லிநொடி வரை போகும்.

கால் நொடிக்கும் குறைவுதானே என்று தோன்றும். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 200 மில்லிநொடித் தாமதம் என்றால் ஏறக்குறைய 70 மீட்டர் தொலைவு. அம்மன் கோயில் கொடையில் கூட்டத்தின் கடைசியில் நின்று நையாண்டி மேளம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தவிலின் மேல் கம்பு விழுந்த பிறகுதான் அடி காதுக்கு வரும். திடலில் அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. எட்டடி தூரத்தில் ஒரு முகம் பேசும்போது அதே தாமதத்தை மனம் ஏற்பதில்லை. ஒளிபரப்புக்கான உலக அளவுகோலாக சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐ.டி.யு.) 1998-இல் வெளியிட்ட பரிந்துரை ஒன்று இருக்கிறது. ஒலி படத்துக்கு முந்தினால் 45 மில்லிநொடியிலேயே கண்டுபிடித்துவிடுகிறோம், பிந்தினால் 125 வரை நமக்குத் தெரிவதில்லை என்கிறது அது. இயற்கையில் ஒலி பிந்தித்தான் வரும் என்பதால் பிந்துவதற்கு மட்டும் மனம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. வாயைப் பார்த்து வார்த்தையை ஊகிக்கும் அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்தச் சலுகையும் சுருங்கிப்போகும். உதடும் ஒலியும் பிரிந்தால் அவர்களுக்கு இருந்த ஒரே துணை போய்விடுகிறது.

“இதே ஹெட்போன் போனில் நன்றாக இருக்கிறதே” என்று கேட்பவர்கள் உண்டு. போனில் வீடியோ ஓட்டும் செயலி ஹெட்போனின் தாமதத்தைக் கணக்கிட்டு, படத்தையே அவ்வளவு நேரம் நிறுத்திவைத்துக் காட்டுகிறது. டிவிக்குப் பின்னால் நாம் செருகிய பெட்டியைப் பற்றி டிவிக்கு ஒன்றும் தெரியாது. டிவியின் அமைப்புகளில் ஆடியோ டிலே என்று ஒன்று இருக்கும். அதைத் திருகிப் பயனில்லை. அது ஒலியை இன்னும் பிந்தச் செய்யுமே தவிர முந்தச் செய்யாது.

வழி வேறு. ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற சுருக்குமுறை தாமதத்தை 40 மில்லிநொடி அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது, அது பெட்டியிலும் இருக்க வேண்டும், ஹெட்போனிலும் இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டால் இரண்டும் பழைய எஸ்.பி.சி.க்கே இறங்கிவிடும். அண்ணாச்சி வீட்டில் நடந்தது அதுதான். பெட்டி நல்ல பெட்டி, ஹெட்போன் மட்டும் பேரன் கொடுத்த பழையது. தனித்தனியாகத் தேடிச் சேர்ப்பதைவிட டிவிக்கென்றே ஜோடியாக விற்பதை வாங்குவது பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நல்லது. முன்பே இணைத்துத்தான் கொடுப்பார்கள். பொத்தானை அழுத்திப் பிடித்து விளக்கு மின்னுகிறதா என்று பார்க்கும் வேலை ஆச்சிகளுக்கு இருக்காது.

எங்கே செருகுவது என்பதை நான் இதைவிடப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஹெட்போனுக்கான சின்ன உருண்டைத் துளையில் செருகினால் பல டிவிகளில் ஸ்பீக்கர் வாயடைத்துவிடும். டிவியிலேயே புளூடூத் இருந்தாலும் பலவற்றில் இதே நிலைதான். ஹெட்போன் இணைந்ததும் மற்றவர்களுக்கு ஒலி இல்லை. அப்போது அம்மா ஒருத்தி மட்டும் பார்ப்பாள், மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பின்பக்கம் சதுரமாக, உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும் ஆப்டிகல் துளை இருக்கும். அதில் செருகினால் பெரும்பாலான டிவிகளில் ஸ்பீக்கரும் ஓடும், ஹெட்போனும் ஓடும். இரண்டுக்கும் சத்தம் தனித்தனி. ஆப்டிகலில் செருகியும் ஒன்றும் கேட்காவிட்டால் டிவியின் ஒலி அமைப்பில் டால்பி என்றிருப்பதை பி.சி.எம். என்று மாற்ற வேண்டும். ஆப்டிகல் இல்லாத டிவியென்றால் செட்டாப் பாக்ஸின் சிவப்பு, வெள்ளை துளைகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம்மிடம் டிவி எப்போதுமே கூடிப் பார்க்கும் பொருளாக இருந்திருக்கிறது. சென்னையில் தூர்தர்ஷன் 1975-இல் தொடங்கிய பிறகு, டிவி இருந்த ஒரு வீட்டில் தெருவே வந்து உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கத் திண்ணை வரை ஆள் நிறைந்த காலத்தை அம்மா இன்றும் சொல்வாள். அவளுக்கு டிவி என்றால் நாலு பேரோடு சிரிப்பது. அவளைத் தனியே பிரித்து உட்காரவைக்கும் கருவி எவ்வளவு தெளிவாகக் கேட்டாலும் எனக்கு வேண்டாம். இப்போது அம்மாவின் காதில் அவளுக்கு வேண்டிய அளவு, அறையில் எங்களுக்கு வேண்டிய அளவு. நகைச்சுவைக் காட்சியில் பேத்தி சிரிக்கும் அதே கணத்தில் ஆச்சியும் சிரிக்கிறாள். முன்பெல்லாம் பேத்தி சிரித்த பிறகு “என்னட்டி சொன்னான்?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரிப்பாள். அந்த இடைவெளி மறைந்ததில் எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது.

கடைக்காரர்கள் சொல்லாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். காதின் மேல் அழுந்தி உட்காரும் வகை தோடு போட்ட பெண்களுக்கு ஆகாது. திருகாணி பின்னால் குத்தும். காதை முழுக்கச் சூழ்ந்து நிற்கும் பெரிய மெத்தை வகைதான் சரி. கொண்டை போடுபவர்களுக்கு மேல்பட்டை எடை குறைவாக இருக்க வேண்டும். ஹெட்போன் போட்டிருப்பவரைப் பின்னாலிருந்து தொட்டுக் கூப்பிடக் கூடாது, முன்னால் வந்து கையசைக்க வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும் பகல் நேரத்தில் போட வேண்டாம், குக்கர் விசிலும் வாசல் மணியும் கேட்காமல் போகும். அளவும் முக்கியம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபலைப் பாதுகாப்பான வரம்பாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தெளிவு வந்துவிட்டால் அவ்வளவு தேவைப்படாது. எங்கள் வீட்டில் அம்மா தானாகவே குறைத்து வைக்கிறாள்.

இது காது கேட்கும் கருவிக்கு மாற்று கிடையாது. பேரப்பிள்ளைகளின் பேச்சும் கோயில் மணியும் டிவி வழியாக வருவதில்லை. முதலில் காதைப் பரிசோதித்து, கருவி வேண்டுமென்றால் வாங்கிவிட வேண்டும். கருவி அணிபவர்கள் கடையில் ஒன்று கேட்டுக்கொள்வது நல்லது. அவற்றில் பல தமக்கென்று தனி முறையில் இணைவதால் சாதாரண டிரான்ஸ்மிட்டரோடு சேராது, அந்த நிறுவனமே தரும் டிவிப் பெட்டிதான் வேண்டியிருக்கும். 2020-இல் அறிவித்த எல்.இ. ஆடியோ என்ற புதிய புளூடூத் முறை இந்தச் சுவரை உடைக்க வந்தது. அதில் ஆராகாஸ்ட் என்ற வசதி, ஒரே பெட்டியிலிருந்து எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்க வழி செய்கிறது. கல்யாண மண்டபத்திலும் கதாகாலட்சேப மேடையிலும் ரயில் நிலைய அறிவிப்பிலும் அது வர வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு அன்றைக்குத்தான் முழு வாக்கியமும் போய்ச் சேரும்.

அதுவரை நம் கையில் இருப்பது இந்தச் சின்னப் பெட்டி. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வாங்கப் போகிறீர்களென்றால் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். பெட்டி, ஹெட்போன் இரண்டிலும் லோ லேட்டன்சி இருக்கிறதா? ஹெட்போன் ஓடும்போது டிவி ஸ்பீக்கரும் ஓடுமா? இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வந்தால் மட்டும் வாங்குங்கள். வாங்கி வந்து போட்டுவிட்டதும் எழுந்து போகாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படத்தை முழுதாக அவர்களோடு பாருங்கள்.