கைக்கும் மதிப்பெண் உண்டு

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவரை நலம் விசாரிக்கச் செல்லும் நாம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கை வந்துவிட்டதா?" அதற்கு 'வந்துவிட்டது' அல்லது 'வரவில்லை' என்னும் இரண்டே விடைகள். மாணவர்களின் ஓதலுக்கு மதிப்பெண் இடுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இது மிகக் கடுமையான தேர்வாகவே படுகிறது. பாதி ஓதியவனுக்குக்கூட நாம் பூஜ்யம் இடுவதில்லையே!

பாலக்கோட்டில் தையற்கடை வைத்திருக்கும் என் மூத்த சகோதரரைச் சென்ற ஆண்டு இந்நோய் தாக்கியது. வலக்கை செயலிழந்தது. மூன்று மாதங்கள் கழிந்தபின் தையல் எந்திரத்தை விற்றுவிட முடிவு செய்தார். "இந்தக் கை இனி உதவாது தம்பி. மெஷினாவது யாருக்காவது உதவட்டும்" என்றார். விலை பேச ஆளும் வந்துவிட்டார்.

அந்நாள்களில்தான் இயன்முறை மருத்துவர் அவர் கையை இரண்டாம் முறையாக அளந்தார். கையை அளப்பதற்கென்றே உலகெங்கும் வழங்கும் முறைகள் சில உள்ளன. சுவீடன் நாட்டு மருத்துவர் ஃபூகல்-மேயரும் அவர் குழுவினரும் 1975இல் வெளியிட்ட அளவுகோலில் கைக்குரிய மொத்த மதிப்பெண் 66. ஒவ்வோர் அசைவுக்கும் 0, 1, 2 என இடுவர். 1981இல் லைல் என்பவர் வெளியிட்ட மற்றொரு சோதனையில் 19 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 57. மரக்கட்டைகளையும் கிரிக்கெட் பந்தையும் எடுத்து மேலே வைக்க வேண்டும்; ஒரு தம்ளரிலிருந்து மற்றொன்றுக்கு நீர் ஊற்ற வேண்டும்; கோலிக்குண்டை விரல் நுனிகளால் பற்ற வேண்டும்; கையைப் பிடரிக்கும் உச்சந்தலைக்கும் வாய்க்கும் கொண்டுசெல்ல வேண்டும். செயலில் ஒரு பகுதியை முடித்தால் 1. முழுதும் முடித்தும் மிகத் தாமதமானாலோ பெரிதும் சிரமப்பட்டாலோ 2.

அண்ணனுடைய இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். கோலிக்குண்டுக்கு அன்றும் இன்றும் பூஜ்யமே. ஆனால், மரக்கட்டைகளுக்கு நேரே இருந்த சில ஒன்றுகள் இரண்டாகியிருந்தன. தலைக்கு மஸ்ஹு செய்யக் கை உயரும் அளவும் கூடியிருந்தது. தினமும் உடனிருந்த எங்கள் கண்களுக்குத் தென்படாத முன்னேற்றத்தை அத்தாள் காட்டியது. "கொஞ்ச நாள் பொறுக்கலாம்" என்று அண்ணனே வந்தவரிடம் சொல்லி அனுப்பினார்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கையால் முடிகிறதா என்பது ஒன்று; முடிந்ததை வீட்டில் செய்கிறாரா என்பது வேறொன்று. இடக்கையே எல்லாவற்றையும் முடித்துவிடுவதால், ஓரளவு தேறிய வலக்கையும் சும்மா இருந்து பழகிவிடுகிறது. இதனை 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை' என்று விளக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டாப். அன்றாட வாழ்வில் அக்கை எவ்வளவு பயன்படுகிறது என்று நோயாளியிடமே கேட்டு மதிப்பிடும் வினாத்தாளும் அவர் குழுவினரிடமிருந்தே வந்தது. எங்கள் அண்ணி இப்போது தேநீர்த் தம்ளரை அண்ணனின் வலப்பக்கத்திலேயே வைக்கிறார். வலக்கையால் உண்ண வேண்டும் என்பதும் அண்ணனுக்கு நல்ல பயிற்சியாக அமைந்தது.

எனினும், குடும்பத்தாரின் பாசம் மட்டுமே மருந்தாகிவிடாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு நடந்த 'அட்டெண்ட்' என்னும் ஆய்வின் முடிவு 2017இல் வெளியாயிற்று. குடும்பத்தாருக்குப் பயிற்சியளித்து அவர்கள் மூலம் மறுவாழ்வுச் சிகிச்சை தரப்பட்டவர்களும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஆறு மாத முடிவில் ஒரே நிலையில்தான் இருந்தனர். ஆகவே, துறை அறிந்தவரின் கண்காணிப்பு அவசியமாகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று, முன்னர் நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடிவரும் இயன்முறைச் சிகிச்சையும் இடம்பெற்றது. கிராமத்து ஏழைக்கு அதன் அருமை தெரியும்.

அண்ணனால் இன்னும் பொத்தான் தைக்க இயலவில்லை. துணியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, நேர்த்தையல் ஓட்டுகிறார். தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கிறார். வருமானம் சொற்பந்தான், ஆனால் கடை திறந்திருக்கிறது.

வாசக சகோதர சகோதரிகளே! உங்கள் இல்லத்தில் இத்தகைய நோயாளி இருந்தால், கையின் மதிப்பெண்ணைத் தேதியிட்டு எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அத்தாளைப் பத்திரமாக வையுங்கள். மனம் தளரும் நாளில் எடுத்துக் காட்ட அது உதவும்.